மைக்ரோசிரிஞ்ச், லூப் வால்வு, மைக்ரோபிப்பெட்: மாதிரி செலுத்துவதில் வரும் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

கலவையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் குரோமடோகிராஃபிக் கருவியில் ஒரே மாதிரியை ஐந்து முறை செலுத்தினால், பீக்கின் (வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எழும் மேடு) பரப்பு ஐந்து விதமாக வருகிறது. உடனே டிடெக்டரைச் சந்தேகிக்கிறோம், பிரிக்கும் குழல் தேய்ந்துவிட்டது என்கிறோம், சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிறோம். மாதிரியைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தச் சின்ன சிரிஞ்சை யாரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் சர்க்கரை ஆலை ஆய்வகமானாலும், டர்பன் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்ப் பரிசோதனை நிலையமானாலும், ஜோஹன்னஸ்பர்க் மருந்து ஆய்வகமானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் சிரிஞ்ச், அடுத்து செப்டமும் (ஊசி துளைத்து நுழையும் ரப்பர் அடைப்பு) வால்வும், கடைசியில்தான் கருவி.

பிழை செலுத்தலில் இருக்கிறதா, அதற்குப் பின்னால் இருக்கிறதா என்று எளிதாகவே பிரித்துவிடலாம். மாதிரியில் இயல்பாக இல்லாத ஒரு பொருளை இன்டர்னல் ஸ்டாண்டர்டாகச் சேர்த்து ஐந்து முறை செலுத்துங்கள். பரப்புகள் ஏறி இறங்கினாலும் இரண்டுக்கும் உள்ள விகிதம் அசையாமல் நின்றால், உள்ளே போகும் அளவுதான் மாறுகிறது. விகிதமே ஆடினால் ஆவியாதல், பிரிப்பு, டிடெக்டர் என்று தேடலாம். இன்டர்னல் ஸ்டாண்டர்ட் இல்லாத முறையென்றால், எல்லா பீக்கும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். எல்லாம் சேர்ந்து ஆடினால் சந்தேகம் சிரிஞ்ச் மேல்தான்.

ஜி.சி.யில் (வாயு குரோமடோகிராஃபி) கையால் செலுத்தும்போது எல்லா பீக்கும் சேர்ந்து ஆடுகிறது

முதல் காரணம் அளவுக்குப் பொருந்தாத சிரிஞ்ச். 10 மைக்ரோலிட்டர் சிரிஞ்சில் சிறிய கோடு பெரும்பாலும் 0.2 மைக்ரோலிட்டர். அதில் 1 மைக்ரோலிட்டர் எடுக்கும்போது கண் அரைக்கோடு தவறினாலே 0.1, அதாவது 10 சதவீதம் போய்விட்டது. தயாரிப்பாளர் தரும் ±1 சதவீதத் துல்லியம் முழு அளவையொட்டி எடுக்கும்போதுதான் பொருந்தும், அடிக்கோட்டில் எடுப்பதற்கு அல்ல. 1 மைக்ரோலிட்டர் செலுத்துவதுதான் அன்றாட வேலை என்றால் 5 மைக்ரோலிட்டர் சிரிஞ்ச் வாங்குங்கள். 0.5 மைக்ரோலிட்டருக்குக் கீழே போனால் தள்ளுதண்டான பிளஞ்சரின் கம்பி ஊசி முனைவரை ஓடும் வகைதான் சரி.

இரண்டாவது காரணம் குமிழி. ஊசியை மாதிரிக்குள் வைத்தபடியே வேகமாக வெளியே தள்ளுங்கள், மெதுவாக இழுங்கள். இப்படி ஆறேழு முறை. கடைசி இழுப்பில் தேவைக்கு மேல் எடுத்து, ஊசி மேல்நோக்க நிறுத்தி, மீதியைத் தள்ளிக் கோட்டுக்கு வந்து, முனையைப் பஞ்சில்லாத தாளில் ஒரே இழுப்பாகத் துடையுங்கள். தாளை முனையில் அழுத்தி வைத்தால் அது உள்ளிருப்பதையும் உறிஞ்சிவிடும். சிரிஞ்சைக் கண்ணாடி உடலில் பிடிக்காமல் மேல் விளிம்பில் பிடியுங்கள். கைச்சூட்டில் ஹெக்ஸேனோ அசிட்டோனோ விரிந்து ஊசி முனையில் துளியாக எட்டிப் பார்ப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

மூன்றாவதுதான் பலருடைய கணக்கில் வராதது: ஊசிக்குள் இருக்கும் மாதிரி. பரவலாகப் பயன்படும் 26எஸ் ஊசியின் உள்விட்டம் 0.127 மி.மீ., நீளம் 51 மி.மீ. கணக்குப் போட்டால் ஊசிக்குள் மட்டும் ஏறக்குறைய 0.65 மைக்ரோலிட்டர் நிற்கிறது. கோட்டில் 1 என்று படித்துவிட்டு 250 டிகிரி இன்லெட்டுக்குள் (மாதிரி ஆவியாகும் சூடான நுழைவறை) ஊசியை விட்டால், அந்த 0.65-இல் ஒரு பங்கும் கொதித்து உள்ளே போகும். எவ்வளவு போகும் என்பது ஊசி எத்தனை நொடி உள்ளே இருந்தது என்பதைப் பொறுத்தது. காலையில் ஒருவர் இரண்டு நொடியும், மாலையில் வேறொருவர் ஐந்து நொடியும் வைத்தால் முடிவு எப்படி ஒன்றாக வரும்?

இதற்கு இரண்டு வழி. எடுத்த பிறகு பிளஞ்சரைப் பின்னுக்கு இழுத்து முழுத் திரவத்தையும் கண்ணாடிக்குள் கொண்டுவந்து, இரு முனைகளுக்கும் இடையே உள்ள நீளத்தைப் படியுங்கள். 1.6 என்று காட்டினால் அதுதான் உண்மையான அளவு. மற்றொரு வழி அடுக்கி எடுப்பது: முதலில் 1 மைக்ரோலிட்டர் சுத்தக் கரைப்பான், பிறகு 1 காற்று, பிறகு மாதிரி, கடைசியில் மீண்டும் 1 காற்று. தள்ளும்போது பின்னால் வரும் கரைப்பான் மாதிரியைத் துடைத்துக்கொண்டு போகும், ஊசியில் மிஞ்சுவது வெறும் கரைப்பான்.

நான்காவது, தேய்ந்த பிளஞ்சர். பழைய செப்டம் ஒன்றில் ஊசி முனையைச் செருகி அடைத்து, மெல்ல அழுத்துங்கள். திரவம் பிளஞ்சருக்குப் பின்னால் ஏறி வந்தால் அந்த சிரிஞ்சின் காலம் முடிந்துவிட்டது. பலமாக அழுத்தாதீர்கள், கண்ணாடி தெறிக்கும். உலோகப் பிளஞ்சர் அதே கண்ணாடிக்கென்று தேய்த்துப் பொருத்தப்பட்டது. இரண்டு சிரிஞ்சைக் கழுவும்போது பிளஞ்சரை மாற்றிப் போட்டால் இரண்டும் கெட்டுவிடும். கழுவுவதானால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள்.

லேசான பொருள் சரியாக வருகிறது, கனமானது குறைகிறது

ஊசி மெதுவாகச் சூடாகும்போது கொதிநிலை குறைந்தவை முதலில் கிளம்பிவிடும், கனமானவை ஊசிச் சுவரில் தங்கிவிடும். அடுக்கி எடுத்த மாதிரியைக் கண்ணாடிக்குள் இழுத்து வைத்து, வெற்று ஊசியை இன்லெட்டுக்குள் விட்டு 3 முதல் 5 நொடி சூடாக விடுங்கள். பிறகு ஒரே தள்ளு, உடனே வெளியே. பிளஞ்சரைப் பயந்து பயந்து தள்ளினால் இந்தக் குறை தீராது.

ரம், கேன் ஸ்பிரிட் (கரும்பு மது) செலுத்தினால் பீக் பிளக்கிறது, மாதிரி இல்லாத வெற்று ஓட்டத்தில் பழைய பீக் எட்டிப் பார்க்கிறது

சிரிஞ்ச் சரியாக இருந்தும் இது வந்தால், செலுத்தும் அளவு லைனருக்கு (இன்லெட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய்) மிஞ்சிவிட்டது. இன்லெட் 250 டிகிரி, கேஜ் அழுத்தம் (வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளது) 69 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு, கடல்மட்டத்தில் 1 மைக்ரோலிட்டர் ஆவியானால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்ப்போம். ஹெக்ஸேன் ஏறக்குறைய 195 மைக்ரோலிட்டர், எத்தனால் 440, தண்ணீர் 1400. 4 மி.மீ. உள்விட்டமும் 78.5 மி.மீ. நீளமும் கொண்ட லைனருக்குள் இருக்கும் மொத்த இடமே ஏறக்குறைய 990 மைக்ரோலிட்டர்தான். 40 சதவீத ரம் 1 மைக்ரோலிட்டர் ஆவியாகி 1070 வரை வருகிறது. கொள்ளாத ஆவி மேலே ஏறி, செப்டத்தின் அடியிலும் வாயு வரும் குழாயிலும் படிந்து, அடுத்த ஓட்டத்தில் திரும்பி வரும்.

இதையே ஜோஹன்னஸ்பர்கில் செய்தால் நிலைமை இன்னும் மோசம். ஊர் ஏறக்குறைய 1750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் அளவுதான். கேஜில் அதே 69 காட்டினாலும் உள்ளே மொத்த அழுத்தம் 170-க்குப் பதில் 152, ஆகவே அதே ரம் ஆவி 1200 மைக்ரோலிட்டர் கேட்கும். கடல்மட்டத்தில் இருக்கும் டர்பனில் எல்லைக்கோட்டில் ஓடிக்கொண்டிருந்த முறை மேட்டுநிலத்தில் பிளப்பதற்குக் காரணம் இதுதான்.

செலுத்தும் அளவை 0.5 மைக்ரோலிட்டராகக் குறையுங்கள், பாதிக்கு மேல் பிரச்சினை அங்கேயே தீரும். போதாவிட்டால் செலுத்தும் நொடியில் மட்டும் அழுத்தத்தை உயர்த்தும் பல்ஸ் முறையைப் போடுங்கள், அல்லது ஸ்பிளிட் விகிதத்தை (குழலுக்குள் போகாமல் வெளியே விடும் பங்கு) கூட்டுங்கள். ஒருமுறை பின்னேறிய இன்லெட்டில் செப்டம், லைனர் இரண்டையும் மாற்றாமல் சோதித்தால் பழைய அழுக்கே திரும்பத் திரும்ப வரும்.

பீக் வரும் நேரம் நகர்கிறது, பரப்பும் குறைகிறது

செப்டம் கசிகிறது. கையால் செலுத்தினால் நூறு முறைக்கு ஒன்றாவது மாற்றுங்கள், ஊசி வளைந்திருந்தாலோ முனை மழுங்கியிருந்தாலோ அதற்கும் முன்னதாக. நட்டை முறுக்கிக்கொண்டே போனால் கசிவு நிற்காது. இறுக்கமான ரப்பரை ஊசி துளைக்காமல் துணுக்குத் துணுக்காக வெட்டி லைனருக்குள் தள்ளும். லைனரைக் கழற்றினால் அடியில் எள்ளைப் போலச் சிறு துணுக்குகள் கிடக்கும். வெற்று ஓட்டத்தில் சம இடைவெளியில் வரிசையாகப் பீக்குகள் வந்தால் அது பெரும்பாலும் அந்தத் துணுக்குகளிலிருந்து வரும் சிலாக்ஸேன் (சிலிக்கோன் ரப்பர் சிதைந்து வரும் பொருள்).

பிளஞ்சர் சிக்கிக்கொண்டது, ஊசி அடைத்துவிட்டது

கரும்புச்சாறு, மொலாசஸ், பாகு மாதிரிகளில் வேலை செய்வோருக்கு இது அன்றாடத் தொல்லை. மின்வெட்டு வந்தால் இரட்டிப்பு: ஆட்டோசாம்ப்ளர் (தானாக மாதிரி செலுத்தும் கருவி) பாதி இழுத்த நிலையில் நின்றுவிடும், இரண்டு மணி நேரத்தில் சிரிஞ்சுக்குள் இருக்கும் சர்க்கரைக் கரைசல் காய்ந்து பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் கருவி தானாகத் தொடக்க (ஹோம்) நிலைக்குப் போக முயலும்போது பிளஞ்சர் வளையும். ஆகவே மின்சாரம் போன உடனே சிரிஞ்சைக் கையால் கழற்றிக் கழுவுங்கள், மின்சாரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்லெட் சூடு ஆறாமல் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கழுவும் வரிசை முக்கியம். சர்க்கரை மாதிரிக்கு முதலில் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீர், பத்து முறையாவது. பிறகுதான் மெத்தனால், கடைசியில் அசிட்டோன். அவசரத்தில் நேராக அசிட்டோனை இழுத்தால், அதில் கரையாத சர்க்கரை ஊசிக்குள்ளேயே படிந்துவிடும். கம்பிப் பதம் தாண்டிய பாகு பாத்திரத்தில் இறுகுவது போல அது இறுகும், பிறகு கரைக்க இரவு முழுக்க ஊறவைக்க வேண்டிவரும். பஃபர் உப்புகளுக்கும் இதே விதி: நீர் முதலில், ஆர்கானிக் கரைப்பான் பிறகு.

அடைத்த ஊசியைப் பிளஞ்சரால் தள்ளித் திறக்க முயலவே கூடாது. அந்தச் சின்னப் பரப்பில் விரல் பலம் பெரும் அழுத்தமாக மாறும், கண்ணாடி பிளக்கும். பிளஞ்சரை உருவி, வேறொரு சிரிஞ்சால் பின்பக்கமாக வெதுவெதுப்பான நீரை நிரப்பி, ஊசியோடு தரும் மெல்லிய துப்புரவுக் கம்பியை முனையிலிருந்து உள்ளே விட்டு முன்னும் பின்னும் அசையுங்கள். ஊசி பசையால் ஒட்டப்பட்ட வகை என்றால் மொத்த சிரிஞ்சையும் டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானில் ஊறப்போடாதீர்கள், அல்ட்ராசானிக் தொட்டியிலும் போடாதீர்கள், பசை விட்டுவிடும். பிளஞ்சருக்கு எண்ணெயோ கிரீஸோ தேவையில்லை. உலர்ந்த சிரிஞ்சை வெறுமனே இழுத்துத் தள்ளிப் பார்ப்பதும் தேய்மானத்தைத்தான் கூட்டும். பிளஞ்சர் தண்டை விரலால் தொட்டால் தோலெண்ணெய் உள்ளே போகும் என்பதால் மேல் குமிழை மட்டும் பிடியுங்கள்.

எச்.பி.எல்.சி. (உயரழுத்தத் திரவ குரோமடோகிராஃபி) கைவால்வில் பரப்பு குறைகிறது அல்லது ஆடுகிறது

ரியோடைன் 7725 வகை வால்வுக்குத் தட்டையாக வெட்டிய முனையுள்ள 22 கேஜ், 51 மி.மீ. ஊசிதான் வேண்டும். ஜி.சி.யின் கூர்முனை ஊசியை அவசரத்துக்குச் செருகினால் உள்ளே உள்ள ரோட்டர் சீல் (சுழலும் அடைப்பு வட்டு) கீறிவிடும், அன்றிலிருந்து கசிவு ஆரம்பம். இரண்டு சிரிஞ்சையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான் இதற்கு மருந்து.

20 மைக்ரோலிட்டர் லூப்பில் (மாதிரி தங்கும் வளைகுழாய்) சரியாக 20 மைக்ரோலிட்டர் ஏற்றினால் லூப் நிரம்பும் என்று நினைப்பது இயல்பு. நிரம்பாது. குழாய்க்குள் நடுவில் ஓடும் திரவம் ஓரத்தில் ஓடுவதைவிட வேகமாகப் போகும். ஆகவே ஓரத்தில் பழைய மொபைல் ஃபேஸ் (கருவியில் ஓடும் கரைப்பான்) நிற்கும்போதே மாதிரியின் நுனி மறுமுனை வழியாக வெளியேறிவிடும். ஒன்று, லூப்பில் பாதிக்கு மேல் போகாமல் 10 மைக்ரோலிட்டருக்குள் செலுத்துங்கள், அப்போது அளவு சிரிஞ்சின் கையில் இருக்கும். அல்லது, 60 முதல் 100 மைக்ரோலிட்டர் தள்ளி லூப்பை நன்றாக நிரப்புங்கள், அப்போது அளவு லூப்பின் கையில் இருக்கும். இரண்டுக்கும் இடையில் 15, 20 என்று ஏற்றும் முறை எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

கைப்பிடியைத் திருப்பும்வரை ஊசி உள்ளேயே இருக்கட்டும், திருப்புவது சட்டென்று இருக்கட்டும். திருப்பும்போதும் ஓட்டம் விடாமல் காக்கும் அமைப்பு இல்லாத வால்வில், மெதுவாகத் திருப்பினால் ஓட்டம் நடுவில் தடைபட்டு அழுத்தம் எகிறும். வெளியேறும் மெல்லிய குழாய்களின் வாயைப் பாருங்கள். ஊசித் துளையின் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் லூப்பிலிருந்து மாதிரி தானாக வழிந்து, பின்னால் காற்று ஏறும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கட்டுங்கள். வெஸ்பெல் (ஒருவகைப் பிளாஸ்டிக்) ரோட்டர் சீல் பி.எச். 10-க்கு மேல் தாங்காது. காரத்தன்மை கூடிய மொபைல் ஃபேஸ் ஓட்டுவோர் பி.இ.இ.கே. (PEEK) பிளாஸ்டிக் சீல் கேட்டு வாங்க வேண்டும்.

வெற்று மாதிரியில் பீக் வருகிறது

ஒரு வெற்று ஓட்டத்தோடு முடிவு கட்டாதீர்கள். செறிந்த மாதிரிக்குப் பிறகு அடுத்தடுத்து நான்கு வெற்று ஓட்டம் விடுங்கள். பீக் ஒவ்வொரு முறையும் படிப்படியாகக் குறைந்தால் ஊசியிலோ வால்விலோ ஒட்டியிருப்பது கழுவிப் போகிறது. நான்கிலும் ஒரே உயரம் என்றால் சிரிஞ்ச் குற்றமற்றது, அந்தக் கரைப்பானோ குப்பியோ அசுத்தம். முதலாவதில் மட்டும் பெரிதாக வந்து இரண்டாவதில் அறவே இல்லை என்றால் ஊசியின் வெளிப்புறத்தில் ஒட்டியது, துடைப்பதில் குறை. கைவால்வில் ஊசித் துளையை, கைப்பிடி இன்ஜெக்ட் நிலையில் இருக்கும்போதே, அரை மில்லிலிட்டர் மொபைல் ஃபேஸால் கழுவும் பழக்கம் இந்தத் தொல்லையில் பெரும்பகுதியைத் தடுக்கும்.

ஆட்டோசாம்ப்ளரில் ஒரே குப்பியிலிருந்து எடுக்க எடுக்கப் பரப்பு இறங்குகிறது

குப்பியைக் கழுத்துவரை நிரப்பி மூடியை இறுக்கியிருப்பீர்கள். மேலே 0.1 மி.லி. காற்றுதான் இருக்கிறது என்றால், 20 மைக்ரோலிட்டர் எடுத்ததும் அந்தக் காற்று விரிந்து அழுத்தம் 83 சதவீதத்துக்கு இறங்கும், ஐந்தாவது முறை எடுத்ததும் பாதிக்கு வந்துவிடும். வெற்றிடத்தை எதிர்த்து ஊசி இழுக்கும்போது உள்ளே வருவது குறைவுதான், குமிழியும் சேர்ந்து வரும். 0.5 மி.லி. காற்று விட்டிருந்தால் ஐந்து முறை எடுத்த பிறகுதான் 83 சதவீதம். தோள்மட்டத்துக்குக் கீழேயே நிரப்புங்கள், பலமுறை எடுக்கும் குப்பிக்குப் பிளவு போட்ட செப்டம் போடுங்கள். மூடியைக் கையால் இறுக்கிய பிறகு செப்டம் நடுவில் குழிந்தோ புடைத்தோ இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும்.

டர்பனில் மூடி மேட்டுநிலத்துக்கு அனுப்பிய குப்பிகளில் இதற்கு நேர்மாறு நடக்கும். உள்ளே 101 கிலோபாஸ்கல், வெளியே 83. ஊசி துளைத்ததும் திரவம் மேலேறி ஊசிக்கு வெளியே துளியாகத் தொங்கும். வரிசையில் அடுக்கும் முன் மூடியைத் தளர்த்தி மீண்டும் மூடிவிடுங்கள். ஆவியாகும் பொருளைத் தேடும் மாதிரி என்றால் அதைச் செய்யாமல், அந்த ஊரிலேயே மாதிரி தயாரியுங்கள்.

டர்பனில் தேறிய மைக்ரோபிப்பெட் ஜோஹன்னஸ்பர்கில் குறைவாகத் தருகிறது

முதலில் சாதாரணக் கசிவு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். முழு அளவை இழுத்து, செங்குத்தாக 20 நொடி பிடியுங்கள். முனையில் துளி திரண்டால் டிப் பொருந்தவில்லை, அல்லது உள்ளே ஓ-ரிங் தேய்ந்துவிட்டது.

துளி இல்லை, ஆனாலும் எடை குறைகிறது என்றால் காரணம் உயரம். பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் இடையே ஒரு காற்றுத் தூண் இருக்கிறது. டிப்புக்குள் ஏறிய திரவத்தின் பாரம் அந்தக் காற்றைக் கீழே இழுத்து விரிக்கும். காற்றழுத்தம் குறைந்த ஊரில் அது கூடுதலாக விரியும், அந்த அளவுக்குத் திரவம் குறைவாக ஏறும். உள்ளே 1000 மைக்ரோலிட்டர் காற்று, டிப்பில் 50 மி.மீ. உயரத் திரவம் என்று வைத்துக்கொள்வோம். கடல்மட்டத்தில் காற்று விரிவது 4.8 மைக்ரோலிட்டர். தொழிற்சாலை அதை ஈடுகட்டித்தான் அனுப்புகிறது. 83 கிலோபாஸ்கலில் அதுவே 5.9 ஆகிறது. ஆக, 200 மைக்ரோலிட்டருக்கு 1.1 குறைவு, அரை சதவீதத்துக்குச் சற்று மேல். 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 8655 தரநிலை அனுமதிக்கும் முறைசார் பிழையே 0.8 சதவீதம்தான், அதில் பெரும்பகுதியை ஊரின் உயரமே தின்றுவிடுகிறது. அதே பிப்பெட்டில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து, திரவம் 20 மி.மீ. ஏறினால், குறைவது 0.4 மைக்ரோலிட்டர். அது 2 சதவீதம்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எடையைக் கனஅளவாக மாற்றும் இசட் காரணியை அழுத்தத்துக்கேற்ப மாற்றிவிட்டால் உயரத்தைச் சரிசெய்தாயிற்று என்று நினைக்கிறார்கள். 20 டிகிரியில் கடல்மட்டத்துக்கு இசட் 1.0029, மேட்டுநிலத்துக்கு 1.0027. வித்தியாசம் 0.02 சதவீதம்தான். காற்றுத் தூணின் பிழைக்கு அது எந்த வகையிலும் ஈடாகாது. பிப்பெட் எந்த ஊரில் வேலை செய்கிறதோ அந்த ஊரில்தான் அதை அளவுத்திருத்த வேண்டும். பத்து எடைகள், எடுப்பதற்கு முன் டிப்பை மூன்று முறை நனைப்பது, நுனியை 2 அல்லது 3 மி.மீ. மட்டும் மூழ்கவிடுவது, பிப்பெட்டும் தண்ணீரும் இரண்டு மணி நேரம் ஒரே அறையில் இருப்பது, இவை எல்லா ஊருக்கும் பொது. மேட்டுநிலக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் மட்டும் கூடுதலாக ஒரு கவனம்: எடைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நீர்த்தொட்டி வைக்காவிட்டால் ஆவியாவதே எடையில் குறையாகத் தெரியும்.

மைக்ரோசிரிஞ்சுக்கும் பிஸ்டன் திரவத்தையே தொடும் வகைப் பிப்பெட்டுக்கும் இந்த உயரப் பிழை கிடையாது. அசிட்டோன் போல டிப்பிலிருந்து சொட்டும் திரவத்துக்கும், மொலாசஸ் போல ஒட்டும் திரவத்துக்கும் அவையே நல்லவை. காற்றுத் தூண் பிப்பெட்டில் மொலாசஸ் கரைசலை எடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டாம் நிறுத்தம்வரை அழுத்தி இழுத்து, முதல் நிறுத்தம்வரை மட்டும் வெளியேற்றுங்கள். டிப்பில் மிஞ்சுவதைக் கணக்கில் சேர்க்காமல் வீசிவிடலாம்.

கார்ல் ஃபிஷரில் (எண்ணெய் போன்றவற்றில் நீரை அளக்கும் முறை) ஈரப்பதம் கூடுதலாக வருகிறது

டர்பன் கோடையில் இது எண்ணெயின் ஈரமாக இருக்க வேண்டியதில்லை, சிரிஞ்சுக்குள் புகுந்த காற்றின் ஈரமாகவும் இருக்கலாம். சிரிஞ்சை அதே எண்ணெயால் மூன்று முறை அலசி வெளியே கொட்டுங்கள், நான்காவதாக எடுப்பதைச் செலுத்துங்கள். கோட்டைப் பார்த்து அளக்காமல், செலுத்துவதற்கு முன்னும் பின்னும் சிரிஞ்சை எடைபோட்டு வித்தியாசத்தை எடுங்கள். தராசுக்குப் போகும் வழியில் ஊசி முனையைச் சிறு ரப்பர்த் துண்டில் குத்தி வையுங்கள், இரண்டு முறையும் அதே ரப்பரோடு எடைபோடுங்கள்.